மணிலாவைக் கட்டிய ஓவியர்

அழகுக் கலைகள் ஐந்து என்பர். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, காவியம் என அவற்றை வரிசைப்படுத்துவது அறிஞர் வழக்கு. பருமையில் தொடங்கி நுண்மையில் முடியும் வரிசை இது. கல்லும் மரமும் சுண்ணமும் மிகுதியாக வேண்டும் கட்டடக் கலை முதற்படியில் நிற்கின்றது. சொல்லன்றி வேறொன்றும் வேண்டாத கவிதை இறுதிப்படியில் நிற்கின்றது. வகுப்பில் இவ்வரிசையைக் கற்பிக்கும்போதெல்லாம் ஒரு வினா என் மனத்தில் எழுவதுண்டு. ஒரு கலையில் நெஞ்சம் தோய்ந்த ஒருவர், வாழ்க்கையின் போக்கில் வேறொரு கலைக்குள் வந்து சேர்ந்துவிட்டால், அவருடைய முதற்கலை என்னவாகும்? அது மாய்ந்து போகுமா, மறைந்து வாழுமா?

நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு இவ்வினா புதியதன்று. பகலெல்லாம் வங்கியிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் கழித்துவிட்டு, மாலையில் கவிதையோடு வந்து அமர்பவர்களே நம்முள் மிகுதி. ஆகவே, பத்தாம் ஆண்டு மலருக்கு ஒருவர் வாழ்வை எழுதித் தருக என்று பணிக்கப்பட்டபோது, இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்த ஒருவரைத் தேர்ந்தேன். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹுவான் மார்கோஸ் அரெல்யானோ. மணிலா நகரின் முகமாக இன்று அறியப்படும் பெருங்கட்டடங்கள் பலவற்றை வரைந்தவர் அவர். ஆயினும் அவர் ஆகவிரும்பியது ஓவியராகவே.

பிறப்பும் சூழலும்

அரெல்யானோ 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மணிலாவின் தோண்டோ பகுதியில் பிறந்தார். அப்போது பிலிப்பைன்ஸ் ஸ்பானிய ஆட்சியின்கீழ் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்தது. தோண்டோ, உழைப்பாளர் வாழும் பகுதி. ஆட்சிக்கு எதிரான கத்திப்புனான் என்னும் புரட்சி இயக்கம் 1892இல் அப்பகுதியில்தான் தோன்றியது. அந்நாட்டின் விடுதலை எழுத்தாளராகிய ஹொசே ரிசால் 1896ஆம் ஆண்டின் இறுதியில் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அரெல்யானோ எட்டு வயதுச் சிறுவர். அவருக்குப் பத்து வயது நிறைந்த 1898ஆம் ஆண்டில் ஸ்பானியர் வெளியேறினர், அமெரிக்கர் வந்தமர்ந்தனர். ஆளும் மொழி மாறியது. கட்டடங்களின் மொழியும் மாறவேண்டிய காலம் வந்தது.

அதுவரை அந்நாட்டில் கட்டடம் கட்டுவோர் பெரும்பாலும் கொத்தனார் மரபில் வந்த தலைமைக் கைவினைஞர்கள். கீழ்த்தளம் கல்லாலும் மேல்தளம் மரத்தாலும் அமைந்து, கண்ணாடிக்கு மாறாகக் காப்பிஸ் என்னும் சிப்பித் தகடுகள் பதித்த சாளரங்கள் கொண்ட வீடுகள் அவர்களுடைய கைவண்ணம். நிலநடுக்கம் அடிக்கடி வந்துபோகும் நாடு அது. 1863ஆம் ஆண்டின் நிலநடுக்கம் மணிலாப் பேராலயத்தையே வீழ்த்தியது. கனமான கல் கீழே, நெகிழும் மரம் மேலே என்ற அமைப்பு அந்த நிலம் கற்றுக்கொடுத்த பாடம் எனலாம். அரெல்யானோவின் மூத்த உடன்பிறப்பாகிய ஆர்காடியோ, அத்தகைய கட்டட வல்லுநருள் பெயர்பெற்றவர். தம்பியைவிடப் பதினாறு ஆண்டு மூத்தவர். ஆகவே கட்டடக் கலை அவ்வீட்டில் முன்பே குடியேறியிருந்தது.

தூரிகையும் அளவுகோலும்

இளைய அரெல்யானோவின் நாட்டமோ வண்ணங்களின்மேல் இருந்தது. லொரென்சோ கெர்ரெரோ, தொரிபியோ அந்தில்யோன், ஃபாபியான் தெ லா ரோசா ஆகிய ஓவியர்களிடம் அவர் பயின்றார். மூவரும் அக்கால மணிலாவில் மதிக்கப்பெற்ற ஆசிரியர்கள். ரிசால் பயின்ற அத்தெனெயோ கல்வி நிலையத்திலேயே பயின்று 1908இல் பட்டம் பெற்றார். 1911இல் கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது, அவர் முதலில் நுழைந்தது பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தினுள் என்பது கருதத்தக்கது. பின்னர் அதே நகரின் டிரெக்செல் கல்வி நிலையத்துக்கு மாறிக் கட்டடக் கலையை முறையாகக் கற்றார்.

அம்மாற்றத்தை ஒரு துறவு என்று கொள்வதா, ஒரு தேர்வு என்று கொள்வதா? இரண்டும் பொருந்தும். அக்காலக் கட்டடக் கல்வி, பாரிசின் நுண்கலைப் பள்ளி வகுத்த நெறியைப் பின்பற்றியது. பண்டைக் கிரேக்க, உரோமானியக் கட்டடங்களை அளந்து பயில்வதும், முகப்பை நீர்வண்ணத்தால் ஓவியமாகவே தீட்டிக் காட்டுவதும் அந்நெறியின் உயிர்நாடி. தூரிகை தேர்ந்த மாணவர் அங்கே அயலாராக உணர்ந்திருக்கமாட்டார். படிப்பிற்குப் பின் நியூயார்க்கில் ஜார்ஜ் போஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றித் தொழில் தேர்ந்தார். நாடு திரும்பி, அண்ணன் ஆர்காடியோவுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார். ஆர்காடியோ 1920இல் மறைந்தார்.

அயலார் யாப்பில் சொந்தக் குரல்

அமெரிக்க அரசு, டேனியல் பர்ன்ஹாம் என்னும் சிகாகோ நகரமைப்பு அறிஞரை அழைத்து மணிலாவுக்கு ஒரு திட்டம் வகுக்கச் செய்திருந்தது. 1905இல் வந்த அத்திட்டம், அகன்ற சாலைகளையும், பூங்காக்களையும், அரசு மாளிகைகளின் தொகுதியையும் கனவு கண்டது. அதனைச் செயற்படுத்த வில்லியம் பார்சன்ஸ் முதலான அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் அடுத்தடுத்து வந்தனர். அவர்களுள் கடைசியில் வந்தவர்கள் விடைபெறும் வேளையில் பொதுப்பணித் துறையில் சேர்ந்தவர் அரெல்யானோ. அவரும், அந்நாட்டில் கட்டடக் கலைஞராக முதன்முதலில் பதிவு பெற்றவராகிய தொமாஸ் மாப்புவாவும் துறையின் மேற்பார்வைக் கட்டடக் கலைஞர்களாயினர். தம் நாட்டின் பொதுக் கட்டடங்களைத் தாமே வரையும் உரிமை பிலிப்பினோக்களின் கைக்கு வந்தது அப்போதுதான்.

பாசிக் ஆற்றின்மேல் எழுந்த ஜோன்ஸ் பாலம் அவருடைய தொடக்கக் காலப் படைப்பு. பழைய ஸ்பானியப் பாலத்தை 1914ஆம் ஆண்டின் வெள்ளம் சிதைத்தது. அதற்கு மாற்றாக, கமான் வளைவுகள் தாங்கும் கற்காரைப் பாலம் ஒன்றினை அவர் வரைந்தார். பிலிப்பைன்சுக்கு எதிர்கால விடுதலையை வாக்களித்த 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மொழிந்த அமெரிக்க உறுப்பினரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பாலத்தின் நான்கு முனைகளிலும் தாய்நாட்டைப் பிள்ளைகளோடு கூடிய அன்னையாகக் காட்டும் சிலைகள் நின்றன. பாலத்தின் பெயர் அயலாருடையது; அதனைக் காத்து நின்றவளோ அம்மண்ணின் தாய்.

1926இல் இரு பெருங்கட்டடங்கள் நிறைவெய்தின. ஒன்று, ஆற்றங்கரையில் அமைந்த தலைமை அஞ்சலகம். அஞ்சல் மூட்டைகள் நீர்வழியே வந்திறங்க ஏற்ற இடம் அது. அயோனியத் தூண்கள் நெடுக அணிவகுத்த முகப்பும், இருபுறமும் அரைவட்டமாக வளைந்த சிறகுகளும் கொண்டது. மற்றொன்று சட்டமன்ற மாளிகை. 1918இல் நூலகமாகவும் அருங்காட்சியகமாகவும் பயன்படுமாறு ரால்ஃப் டோன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய கட்டடம் அது. பின்னர்ச் சட்டமன்றத்திற்கே வேண்டும் என்று முடிவாகியது. அரெல்யானோ அதனைத் திருத்தி, விரித்து, கொரிந்தியத் தூண்களும் முக்கோண முகப்பும் விளங்கும் மாளிகையாக ஆக்கினார். நாற்பது இலட்சம் பெசோ செலவில் எழுந்த அம்மாளிகை 1926 ஜூலை 16இல் திறக்கப்பெற்றது. அவை மண்டபத்தை இசபெலோ தம்பிங்கோ என்னும் முதுபெரும் சிற்பி அணிசெய்தார். 1935 நவம்பர் 15இல் மானுவெல் கெசோன் பொதுநலவாயத்தின் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது அம்மாளிகையின் படிகளில்தான்.

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். கிரேக்கத் தூணும் உரோமானிய முகப்பும் பிலிப்பைன்சுக்கு என்ன உறவு? அடிமைப்படுத்தியவரின் ஆடையை உடுத்திக்கொண்டு விடுதலை பேசுவதா? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிலிப்பினோக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியுடையரா என்று ஆட்சியாளர் ஐயுற்றுக் கொண்டிருந்த காலம் அது. ஆள்வோர் தம் ஆட்சியின் பெருமைக்குச் சான்றாகக் கொண்ட அதே தூண்களை, ஆளப்படுவோர் தாமே வரைந்து, தாமே நிறுத்தி, அதனுள் தம் சட்டமன்றத்தைக் கூட்டினர். கடன் வாங்கிய யாப்பில் பாடினும், பாட்டின் பொருள் தம்முடையதாக இருந்தது. கட்டளைக் கலித்துறையும் விருத்தமும் கைவந்த பின்னரே யாப்பை நெகிழ்த்தத் துணிவோருக்கு இது விளங்கும்.

மாமரமும் வாழையும் பூத்த அரங்கு

1927இல் விடுப்பெடுத்து மீண்டும் அமெரிக்கா சென்றார். அங்கு ஆர்ட் டெக்கோ என்னும் புதுப்பாணி அப்போது ஓங்கியிருந்தது. வளைவும் நேர்கோடும் வண்ணமும் கலந்து, பழைய தூண்களிலிருந்து விடுபட்ட பாணி அது. திரும்பிவந்த அரெல்யானோ, அப்பாணியில் மணிலாவின் மெட்ரோபாலிட்டன் அரங்கை வரைந்தார். 1931 டிசம்பர் 10இல் அது திறக்கப்பெற்றது. ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பேரரங்கு அது.

அவ்வரங்கை நோக்குவோர், இதனை வரைந்தவரா சட்டமன்ற மாளிகையையும் வரைந்தார் என வியப்பர். முகப்பின் நடுவே வண்ணக் கண்ணாடித் திரை. அதில் அந்நாட்டுச் செடி கொடிகள். சுவர்களில் பாத்திக் துணியின் கோலங்களை நினைவூட்டும் வண்ண ஓட்டு வேலைப்பாடு. உள்ளே விதானத்தில் மாங்கனியும் வாழைக்கனியும் புடைப்பாக விளைந்து கிடக்கின்றன. இத்தாலியச் சிற்பி பிரான்செஸ்கோ ரிக்கார்டோ மோந்தி உருவங்களைச் சமைத்தார். பிலிப்பைன்சின் வயலையும் வெயிலையும் தீட்டிப் புகழ்பெற்ற ஃபெர்னாண்டோ அமோர்சோலோ, இசையையும் நடனத்தையும் பொருளாகக் கொண்ட சுவரோவியங்களை முன்கூடத்துக்கு அளித்தார். அமோர்சோலோவும் ஃபாபியான் தெ லா ரோசாவின் மாணவரே. ஒரே ஆசிரியரின் மாணவர் இருவருள் ஒருவர் ஓவியராகவே நின்றார். மற்றவர் அவ்வோவியத்துக்குச் சுவர் எழுப்பித் தந்தார்.

அரங்கின் புதுமை அக்காலத்தில் வாதத்துக்கு உள்ளாயிற்று. மரபில் தேர்ந்தவர் மரபை விட்டார் என்பது சிலர் குறை. என் கருத்தில் அவர் விட்டது மரபை அன்று, கடனை. பொதுப்பணித் துறையின் மேசையில் அடக்கிவைத்த ஓவியர் இவ்வரங்கில் வெளிவந்தார். ஒளியும் வண்ணமும் இலையும் கனியும் ஓவியரின் பொருள்கள். அவை இங்குக் கற்காரையில் காய்த்தன. யாப்பறிந்தவர் எழுதிய புதுக்கவிதைக்கு இதனை ஒப்பிட்டால் மிகையாகாது.

இதன்பின் அவர் பணி மணிலாவோடு நிற்கவில்லை. நீக்ரோஸ் ஒக்சிடென்டால் மாநிலத்துக்கு பக்கோலோட் நகரில் ஆட்சி மாளிகை, இலோய்லோவின் ஹாரோ நகர மன்றம், 1938இல் நிறைவுற்ற செபு மாநில மாளிகை எனத் தீவுகள்தோறும் அவருடைய கட்டடங்கள் எழுந்தன. மணிலாவுக்கு முதல் நிலப்பயன்பாட்டு வரையறைத் திட்டம் உருவானதும் அவர் மேற்பார்வையில்தான். புதிய தலைநகராகக் கருதப்பட்ட கெசோன் நகரின் திட்டத்தில் ஹாரி ஃப்ராஸ்ட் என்னும் அமெரிக்கருடன் 1940ஐ ஒட்டிப் பங்குகொண்டார். ஐம்பது வயது கடந்த அந்நாளில், ஒரு கலைஞர் காணவிழையும் நிறைவு அவருக்குக் கிட்டியிருந்தது எனலாம்.

ஒரு மாதத்தில் அழிந்த வாழ்நாள்

1945 பெப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை மணிலாவில் நிகழ்ந்த போர், இரண்டாம் உலகப் போரின் கொடிய நகரப் போர்களுள் ஒன்று. ஜப்பானியப் படை நகரின் கற்காரைக் கட்டடங்களைக் கோட்டைகளாக்கி உள்ளே பதுங்கியது. அமெரிக்கப் படை பீரங்கிகளால் அவற்றைத் தகர்த்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பொதுமக்கள் மாண்டனர். ஜப்பானியர் கொன்று குவித்தவரும், அமெரிக்கக் குண்டுகளுக்கு இரையானவரும் அக்கணக்கில் அடங்குவர். நிலநடுக்கத்தையும் தாங்குமாறு கட்டிய உறுதியே அம்மாளிகைகளுக்குக் கூற்றாயிற்று. உறுதியாக இருந்தமையால்தான் அவை அரண்களாயின. அரண்களானமையால்தான் அவை தகர்க்கப்பட்டன.

சட்டமன்ற மாளிகை சிதைந்தது. அஞ்சலகம் பெருஞ்சேதமுற்றது. ஜோன்ஸ் பாலத்தைப் பின்வாங்கிய படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர். மெட்ரோபாலிட்டன் அரங்கும் தப்பவில்லை. அரெல்யானோவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கவிஞரின் ஏடு எரிந்தாலும் கவிதை எவருடைய நெஞ்சிலேனும் நிற்கும். ஓவியம் எரிந்தால் எரிந்ததுதான். கட்டடம் அழிந்தாலோ, அதனுள் இருந்த மனிதரும் உடன் அழிகின்றனர். ஒரு லட்சம் உயிர்களின் முன்னே தூண்களுக்காக வருந்துவது முறையா என்ற கூச்சமும் அத்துயரோடு சேர்ந்தே வரும்.

போருக்குப் பின் அக்கட்டடங்கள் அமெரிக்க உதவியோடு மீண்டும் எழுப்பப்பட்டன. ஆனால் அவருடைய மூல வரைவுகளை அவை முழுமையாகப் பின்பற்றவில்லை. அணிகள் குறைந்தன; நுணுக்கங்கள் மறைந்தன. பாலம் சிலைகளின்றி வெறும் பாலமாக நின்றது. தம் பாட்டைப் பிறர் சொல் மாற்றிப் பாடக் கேட்கும் புலவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அழிவைவிட அது ஆற்றுதற்கு அரியது.

மீண்ட தூரிகை

1956இல் அரெல்யானோ பணி ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்றவர் அளவுகோலை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். இளமையில் ஒதுக்கிவைத்த கலையை முதுமையில் மீட்டுக்கொண்டார். 1960இல் மணிலாவின் ஒய்.எம்.சி.ஏ. மண்டபத்தில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார். அவருடைய வாழ்வின் இறுதிப் பொது நிகழ்ச்சிகளுள் ஒன்று மாளிகைத் திறப்பன்று, ஓவியக் கண்காட்சி என்பதை மறத்தலாகாது.

அவர் மறைந்த பின்னும் அவருடைய கட்டடங்களின் கதை முடியவில்லை. மெட்ரோபாலிட்டன் அரங்கு 1978இல் புதுப்பிக்கப்பெற்று, 1996இல் மீண்டும் மூடப்பட்டு, நெடுநாள் பாழ்பட்டுக் கிடந்தது. தேசியப் பண்பாடு, கலைகள் ஆணையம் 2015இல் அதனை ஏற்றுச் சீரமைத்தது. திறக்கப்பெற்ற தொண்ணூறாம் ஆண்டு நாளாகிய 2021 டிசம்பர் 10இல் அது மீண்டும் மக்களுக்கு வந்தது. ஜோன்ஸ் பாலத்திற்கு 2019இல் பழைய அணிகளின் சாயலும் அன்னைச் சிலைகளின் படிகளும் திரும்பக் கிடைத்தன. அஞ்சலகமோ 2023 மே 21ஆம் நாள் இரவில் தீக்கிரையாயிற்று. கூரையும் உட்பகுதியும் எரிந்தன; தூண்கள் வரிசை குலையாமல் நின்றன. போரிலும் தீயிலும் இருமுறை சூறையாடப்பட்டும், அரெல்யானோ அளந்து நிறுத்திய அவ்வரிசை நிற்கின்றது.

இவற்றினும் வியப்புக்குரியது சட்டமன்ற மாளிகையின் முடிவு. செனட் அவை 1997இல் அதனை விட்டு வேறிடம் சென்றது. அதன்பின் அம்மாளிகை தேசிய ஓவிய அருங்காட்சியகமாயிற்று. ஹுவான் லூனா தீட்டி 1884இல் மாட்ரிட் நகரில் தங்கப் பதக்கம் பெற்ற ஸ்பொலியாரியம் என்னும் மாபெரும் ஓவியம் அங்கே சுவர் நிறைத்துத் தொங்குகின்றது. நூலகமாகவும் அருங்காட்சியகமாகவும் கருவுற்று, சட்டமன்றமாகப் பிறந்து, போரில் மாய்ந்து, மறுபிறவி எடுத்த கட்டடம், இறுதியில் ஓவியங்களுக்கே இல்லமாயிற்று. தூரிகையை ஒதுக்கிவைத்த இளைஞர் எழுப்பிய பெருமாளிகையில் இன்று குடியிருப்பவை ஓவியங்கள். அவர் அதனைக் காணவில்லை. திட்டமிட்டு நேர்ந்ததும் அன்று.

முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். முதற்கலை மாய்வதில்லை என்பதே அரெல்யானோவின் வாழ்வு தரும் விடை. அது தொழிலுக்குள் புகுந்து அத்தொழிலுக்கு நிறம் கொடுக்கின்றது, காத்திருக்கின்றது, காலம் வாய்க்கும்போது வெளிவருகின்றது. காலம் வாய்க்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவருக்குக் கிடைத்தவை ஓய்வுக்குப் பிந்திய நான்கு ஆண்டுகளே. பகலில் கோப்பும் மாலையில் கவிதையுமாய் வாழும் நம் வட்டத்து நண்பர்கள், அந்நான்கு ஆண்டுகளை நினைத்துப் பார்த்து, மாலைகளை வீணாக்காதிருப்பார்களாக.